செங்கம் கணவாய்: மாடுகள் போட்ட வழி

பரங்கிப்பேட்டைச் சண்டையைப் பற்றி நம் பக்கத்துக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1781 ஜூலை 1ஆம் தேதி, ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயத் தளபதி சர் அயர் கூட்டுக்கும் நடந்த சண்டை. பள்ளிக்கூடத்தில் 'போர்ட்டோ நோவோ போர்' என்று ஒரு வரி படித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருப்போம். ஆனால் மைசூரில் இருந்த ஹைதர் நம் சீமைக்கு எந்த வழியாக இறங்கினார் என்று யாரும் சொல்லித் தரவில்லை. மேற்கே மலை மதில் மாதிரி நிற்கிறது. அதில் ஒரு வாசல் இருந்தால்தானே வர முடியும்?

அந்த வாசல்தான் செங்கம் கணவாய். சென்ற தை மாதம் அதை நான் நடந்து பார்த்தேன்.

நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் சங்கிலியும் புலப்படமுமாகக் காலம் தள்ளியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் ஒரு பாதையைப் பார்த்தால் அது ஏன் இந்தப் பக்கம் வளைந்தது, ஏன் அந்தப் பக்கம் போகவில்லை என்று யோசிக்கிற புத்தி போகவில்லை. திருவண்ணாமலையில் சம்பந்தி வீடு இருக்கிறது. செங்கத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். இரண்டும் இருந்தால் தங்கவும் இடம், பேசவும் துணை. வேறென்ன வேண்டும்?

சிங்காரப்பேட்டையில் தொடங்கி செங்கம் வரை ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். இந்த வயதில் ஒரே மூச்சில் நடக்க வேண்டாம் என்று நண்பர் சொல்லிவிட்டார். இரண்டு காலைகளாகப் பிரித்துக்கொண்டோம். முதல் நாள் பாதி வழி நடந்து, பேருந்து ஏறி செங்கம் திரும்பினோம். மறுநாள் விட்ட இடத்தில் இறங்கி மீதியை நடந்தோம்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி வழியாகத் திண்டிவனம் போகும் தேசிய நெடுஞ்சாலை இந்தக் கணவாய் வழியாகத்தான் போகிறது. லாரிக்காரர்களுக்கு அது கணவாய் என்றே தெரியாது. நாங்கள் தார்ச்சாலையை எங்கெல்லாம் விட முடியுமோ அங்கெல்லாம் விட்டு, ஆடு மாடு ஓட்டுபவர்கள் போகும் ஒற்றையடிப் பாதையிலும் பழைய வண்டித்தடத்திலும் நடந்தோம். காப்புக்காட்டுக்குள் நுழையவில்லை, ஓரமாகவே போனோம்.

வடக்கே ஜவ்வாது மலை. தெற்கே தென்பெண்ணைக் கரையை ஒட்டிய மலைகள், அதற்கும் அப்பால் கல்வராயன். நடுவில் ஒரு தாழ்வான இடைவெளி. கொல்லிமலை, ஏற்காடு என்று வளைந்து வளைந்து ஏறிப் பழகியவர்கள் இதைப் பார்த்தால் ஏமாந்து போவார்கள். மூச்சு வாங்கும் ஏற்றமே கிடையாது. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர் எல்லாம் சேர்ந்த மேட்டு நிலத்துக்கு அந்தக் காலத்தில் பாராமகால் என்று பெயர். அந்த மேட்டிலிருந்து நம் பக்கத்துத் தாழ்நிலத்துக்குத் தரை இங்கே மெதுவாக, காலுக்குத் தெரியாமல் இறங்குகிறது. இரண்டு பக்கமும் மலை ஏறி நிற்பதைப் பார்த்தால்தான் நாம் ஒரு கணவாய்க்குள் இருக்கிறோம் என்பதே புரியும்.

காலுக்குத் தெரியாத அந்தச் சரிவில்தான் இந்தப் பாதையின் ரகசியம் இருக்கிறது. தனி மனிதன் எந்த மலையிலும் ஏறி இறங்கிவிடுவான். பாரம் சுமந்த மாடு அப்படி இறங்காது. சரிவு கொஞ்சம் அதிகமானாலும் வண்டி மாட்டின் கழுத்தில் ஏறிவிடும். வழியில் புல் வேண்டும், தண்ணீர் வேண்டும். இந்தப் பக்கம் சேயாறு ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி செங்கத்தை ஒட்டி ஓடுகிறது. அந்தப் பக்கம் பாம்பாறும் தென்பெண்ணையும் இருக்கின்றன. புல்லும் தண்ணீரும் சரிவும் சேர்ந்து ஒத்து வருகிற இடத்தில் மாடு வழி போடும். மாடு போட்ட வழியில் வணிகன் வருவான். வணிகன் வந்த வழியில் கடைசியாகப் படை வரும். இந்தக் கணவாயின் இரண்டாயிரம் வருடக் கதையும் இவ்வளவுதான்.

இரண்டாயிரம் வருடம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் இந்த ஊருக்கு வழி சொல்லும் நூல். அதில் வரும் செங்கண்மா என்பதுதான் இன்றைய செங்கம். அங்கே ஆண்ட நன்னனிடம் பரிசு பெற்று வந்த கூத்தன், எதிரே வரும் இன்னொரு கூத்தனுக்கு வழி சொல்கிறான். எங்கே வழுக்கும், எங்கே தினைப்புனம் காக்கிறவர்கள் பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், எங்கே இரவு தங்கலாம், யார் சோறு போடுவார்கள் என்று 583 அடிகளில் சொல்லி முடிக்கிறான். படித்தவர்கள் அதைக் கூத்தராற்றுப்படை என்றும் சொல்வார்கள். எனக்கு அது ஒரு நில அளவைக்காரனின் குறிப்பேடு மாதிரித்தான் படுகிறது. வழியில் நடுகற்கள் நிறைய இருக்கும், கும்பிட்டுவிட்டுப் போ என்றும் அந்தக் கூத்தன் சொல்கிறான்.

அந்த நடுகற்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

செங்கம் வட்டாரத்தில் நடுகற்கள் நிறைய. 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத் துறை இரா. நாகசாமியின் தலைமையில் ஊர் ஊராகத் தேடி, 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலையே வெளியிட்டது. பல்லவர் காலத்தவை பல. வட்டெழுத்தில் எழுதியிருக்கும். கல்லில் ஒரு வீரன் வில்லோடும் வாளோடும் நிற்பான். கீழேயோ பக்கத்திலோ எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர்ச் சண்டை, செத்தவன் பெயர் என்ன என்று பதிவு இருக்கும். சண்டை பெரும்பாலும் மாட்டுக்காக. எதிரி மந்தையைப் பிடித்துக்கொண்டு போவான். ஊர்க்காரன் துரத்திப் போய் மீட்பான், அல்லது மீட்கும்போது சாவான். பிடிப்பதற்கு வெட்சி என்றும், மீட்பதற்குக் கரந்தை என்றும் நம் இலக்கணக்காரர்கள் பெயர் வைத்தார்கள். புறத்திணையைப் பற்றிச் சொல்லத் தொடங்கும்போது தொல்காப்பியர் முதலில் எடுத்துக்கொள்வது இந்த மாட்டுச் சண்டையைத்தான். மன்னனுக்கு மன்னன் மோதுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நண்பர் ஒரு வயலோரக் கல்லைக் காட்டினார். பாதி மண்ணில் புதைந்து கிடந்தது. மேலே மஞ்சளும் குங்குமமும். வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். எழுத்து தேய்ந்துவிட்டாலும் பொங்கல் வைப்பதை விடவில்லை.

இவற்றில் எடுத்தனூர்க் கல் பிரசித்தம். மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு. அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவக்கத்தி என்ற வீரன் மாட்டுச் சண்டையில் இறந்துபோனான். அவனுடைய நாய் கோவிவன், திருடர்கள் இரண்டு பேரைக் கடித்துவிட்டு எசமானன் பக்கத்திலேயே நின்றது. ஊர்க்காரர்கள் கல்லில் வீரனையும் செதுக்கினார்கள், நாயையும் செதுக்கினார்கள், நாயின் பெயரையும் எழுதி வைத்தார்கள். ஒரு நாயின் பெயர் ஆயிரத்து நானூறு வருடமாக இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இனி பீரங்கிக் காலத்துக்கு வருவோம்.

1767இல் இந்தக் கணவாய் முதல்முறையாக ஆங்கிலேயரின் ஏட்டில் பெரிய எழுத்தில் ஏறியது. ஹைதரும் ஹைதராபாத் நிஜாமும் ஒரு பக்கம். கம்பெனியும் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவும் மறுபக்கம். பாராமகாலில் காவேரிப்பட்டணத்தை ஹைதர் பிடித்துவிட்டார். கர்னல் ஜோசப் ஸ்மித் திருவண்ணாமலைக்குப் பின்வாங்கப் பார்க்கிறார். திருச்சியிலிருந்து கர்னல் வுட் இன்னொரு படையோடு அங்கே வந்து சேர வேண்டும். பின்வாங்க வழி இந்தக் கணவாய் ஒன்றுதான். செப்டம்பர் 3ஆம் தேதி செங்கத்துக்குப் பக்கத்தில் ஹைதரின் படை ஸ்மித்தைப் பிடித்துக்கொண்டது. பாதையை ஒட்டிய ஒரு குன்றுக்காக அடித்துக்கொண்டார்கள். சண்டையில் ஜெயித்தது ஸ்மித். ஆனால் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே ஹைதரின் குதிரைக்காரர்கள் ஆங்கிலேயரின் அரிசி மூட்டைகளை அடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஜெயித்தவனுக்கு ஜெயித்த இடத்தில் உட்கார வழியில்லை. இரவோடு இரவாகக் கிளம்பி, மனிதனுக்குச் சோறும் இல்லை மாட்டுக்குத் தீனியும் இல்லை என்ற நிலையில் மறுநாள் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார்கள். செங்கத்திலிருந்து அது முப்பது கிலோமீட்டருக்கு மேல். இன்றைக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம்.

அதே மாதக் கடைசியில் திருவண்ணாமலையில் இன்னொரு சண்டை நடந்தது. அதிலும் ஹைதருக்கும் நிஜாமுக்கும் தோல்வி. நிஜாம் அடுத்த வருடமே கம்பெனியோடு சமாதானம் செய்துகொண்டார். ஹைதர் விடவில்லை. 1769இல் மின்னல் மாதிரி சென்னை வாசலில் வந்து நின்று, தனக்கு வேண்டிய ஒப்பந்தத்தை எழுதி வாங்கினார். ஒருவர் மேல் மூன்றாமவர் படையெடுத்தால் மற்றவர் உதவிக்கு வர வேண்டும் என்பது ஷரத்து. பின்னால் மராட்டியர் மைசூர் மேல் பாய்ந்தபோது கம்பெனி கையைக் கட்டிக்கொண்டு நின்றது. அந்த வன்மம் ஹைதரின் மனதில் பத்து வருடம் ஊறியது. 1779இல் மாஹேயை ஆங்கிலேயர் பிடித்ததும் பொறுமை போய்விட்டது.

1780 ஜூலை. ஹைதர் செங்கம் கணவாய் வழியாக இறங்கினார். எண்பதாயிரத்துக்கு மேல் ஆட்கள், நூறு பீரங்கிகள்.

இந்த எண்ணைப் புத்தகத்தில் படிக்கும்போது ஒன்றும் தெரியாது. அந்தத் தடத்தில் நடக்கும்போது வயிற்றைக் கலக்கும். பெரிய பீரங்கி ஒன்றை இழுக்க முப்பது, நாற்பது மாடு வேண்டும். மேட்டில் சிக்கினால் பின்னாலிருந்து யானை முட்டித் தள்ளும். பீரங்கிக்கு மாடு, குண்டுக்கு மாடு, மருந்துக்கு மாடு, கூடாரத்துக்கு மாடு. இத்தனை பேருக்கும் தானியம் கொண்டு வர லம்பாடிக்காரர்களின் பொதிமாடுகள். அந்தக் காலத்தில் எந்தப் படையும், அது ஹைதர் படையானாலும் கம்பெனிப் படையானாலும், லம்பாடிகளின் மாட்டு முதுகில்தான் சாப்பிட்டது. ஒரு மாடு ஒரு நாளைக்கு எவ்வளவு புல் தின்னும், எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று மாடு வைத்திருந்த நம்மூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். அப்படி ஒரு மந்தை ஒரு ஊரைக் கடந்து போனால் அந்த ஊரில் வைக்கோல் போர் மிஞ்சுமா, ஏரியில் தண்ணீர் தெளிவாக இருக்குமா? சண்டை வருவதற்கு முன்னாலேயே ஊர் பாதி அழிந்துவிடும்.

ஹைதரின் பலமே மாடுதான். மைசூர் உடையார்கள் காலத்திலிருந்தே அரண்மனைக்கு ஒரு மாட்டுப் பட்டி உண்டு. கன்னடத்தில் பெண்ணே சாவடி என்பார்கள். வெண்ணெய்ச் சாவடி என்று அர்த்தம். அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் கொடுத்த பட்டி. ஹைதர் அதைப் பெருக்கிப் பீரங்கி இழுக்கப் பழக்கினார். திப்பு காலத்தில் அதற்கு அம்ரித் மகால் என்று பெயர் வந்தது. நீண்ட கூரிய கொம்பு, ஒடிசலான உடம்பு, ஓயாத நடை. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு ஆங்கிலேயரும் அந்த இனத்தை விடவில்லை. தங்கள் பீரங்கிக்கும் அதையே வளர்த்தார்கள்.

அந்த மாடுகளின் பெயர் எழுதி வைக்கப்பட்டதற்குக் காரணமான நடை நம் சிதம்பரத்தை நோக்கி நடந்தது. அதைச் சொல்வதற்கு முன் நடுவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கணவாயிலிருந்து இறங்கியதும் படை பிரிந்தது. ஹைதர் ஆற்காட்டுப் பக்கம் போனார். அவருடைய இரண்டாவது மகன் கரீம் சாகிப் குதிரைப்படையோடு நேரே பரங்கிப்பேட்டைக்கு வந்து கொள்ளையடித்தார். அதுவும் ஜூலை மாதத்திலேயே. மலையடிவாரத்தில் கேட்ட குளம்புச் சத்தம் சில நாளில் நம் கடற்கரையில் கேட்டது. துணியும் கப்பலும் வியாபாரமுமாக இருந்த ஊர் அது. ஆகஸ்டில் ஹைதரின் குதிரைக்காரர்கள் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் வரை போனார்கள். செப்டம்பர் 10ஆம் தேதி காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அடியோடு அழிந்தது. நவம்பரில் ஆற்காடு விழுந்தது.

வங்காளத்திலிருந்து சர் அயர் கூட் கப்பலில் சென்னை வந்து இறங்கினார். 1781 பிப்ரவரியில் கடலூர் வந்தவர், நான்கு மாதம் அங்கேயே கட்டிப்போட்ட மாதிரி கிடந்தார். ஆள் இருந்தது, பீரங்கி இருந்தது. இழுக்க மாடு இல்லை, தின்ன அரிசி இல்லை. சுற்றுவட்டாரத்து மந்தைகளை ஹைதரின் ஆட்கள் முன்பே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஊர்கள் காலி. கப்பலில் அரிசி வந்தால்தான் படைக்கு உலை. அதனால் கடற்கரையை விட்டு அவரால் நகர முடியவில்லை. வெட்சித் திணையின் பழைய தந்திரம் இங்கே வேறு வேடத்தில் வந்து நின்றது. எதிரியின் மாட்டைப் பிடித்துவிட்டால் எதிரி கை கால் இல்லாதவன்.

சிதம்பரம் கோயிலை அப்போது ஹைதரின் ஆட்கள் கோட்டையாக வைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் பிரெஞ்சுக்காரர்களும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். உயர்ந்த மதில், நான்கு வாசல். எந்தப் படைக்காரன் கண்ணிலும் அது கோட்டையாகத்தான் படும். உள்ளே நெல் சேர்த்து வைத்திருந்தார்கள். ஜூன் 18ஆம் தேதி கூட் அதைத் தாக்கினார். முடியவில்லை. அடிபட்டுத் திரும்பிப் பரங்கிப்பேட்டைக்குப் போனார்.

ஹைதர் அப்போது திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் இருந்தார். செய்தி கேட்டதும் கிளம்பினார். நூறு மைலை இரண்டரை நாளில் கடந்து, கூட்டுக்கும் கடலூருக்கும் நடுவில் வந்து பாதையை அடைத்துக்கொண்டார். அம்ரித் மகால் மாடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் இந்த நடையைக் குறிப்பிடாமல் இருக்க மாட்டார்கள். ஒரு நாளைக்கு நாற்பது மைல். நம்மூரிலிருந்து நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு இரவில் சிதம்பரம் புறப்பட்ட வண்டிகள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கீழே அரிக்கேன் விளக்கு ஆட, வண்டிக்காரர் தூங்க, மாடு தானாக வழி பார்த்துப் போகும். அதுதான் வண்டி மாட்டின் வேகம். பீரங்கியைக் கட்டிக்கொண்டு ஒரு நாளில் நாற்பது மைல் என்றால் அந்த மாடுகளில் எத்தனை நுரை தள்ளி விழுந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

ஜூலை 1ஆம் தேதி காலை கூட் பரங்கிப்பேட்டையிலிருந்து கிளம்பினார். அவரிடம் எட்டாயிரத்து ஐந்நூறு பேர் அளவில் இருந்தார்கள். ஹைதரிடம் பல மடங்கு. ஹைதர் அகழி வெட்டி, பீரங்கி நிறுத்தித் தயாராக இருந்தார். கூட் நேரே மோதாமல் கடற்கரை மணல்மேடுகளுக்கு நடுவில் ஒரு வழி கண்டுபிடித்துப் பக்கவாட்டில் நுழைந்தார். கடலிலிருந்து கப்பல் பீரங்கி ஹைதரின் குதிரைப்படை மேல் சுட்டது. மாலைக்குள் ஹைதர் பின்வாங்கினார். ஒரு மேட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவரைக் கூட இருந்தவர்கள் வற்புறுத்திக் குதிரை ஏற்ற வேண்டியிருந்தது என்பார்கள். ஹைதருக்கு அறுபதை ஒட்டிய வயது. கூட்டுக்கு ஐம்பத்தைந்து, உடம்பு சரியில்லாதவர். அடுத்த இரண்டு வருடத்துக்குள் இரண்டு பேருமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஹைதர் 1782 டிசம்பரில் சித்தூர் அருகே, கூட் 1783 ஏப்ரலில் சென்னையில்.

யார் ஜெயித்தார் என்று எழுதியவர்கள் நிறையப் பேர். எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது. 1781 முதல் 1783 வரை இந்தச் சீமையில் பஞ்சம். மழை பொய்த்த பஞ்சம் மட்டும் அல்ல. உழ மாடு இல்லை, விதைக்க ஆள் இல்லை, விதைத்தாலும் யார் படை வந்து அறுத்துக்கொண்டு போகும் என்று தெரியாது. நடக்க முடிந்தவர்கள் சென்னைக்கு நடந்தார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782இல் தொடங்கியதுதான் மணியக்காரர் சத்திரம். அதன் தொடர்ச்சியாக வந்த ஸ்டான்லி மருத்துவமனையைப் பழைய சென்னைவாசிகள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பெயருக்குள் நம் பக்கத்து ஜனங்களும் இருக்கிறார்கள்.

ஹைதர் மேல் எனக்கு வன்மம் இல்லை. கம்பெனிக்காரனை இந்த மண்ணில் நடுங்க வைத்தவர். வாக்குத் தவறியதும் கம்பெனிதான். ஆனால் பாதையோரத்தில் இருந்த குடியானவனுக்கு வந்த படை யாருடையது என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு படையும் வைக்கோலைத்தான் கேட்டது, மாட்டைத்தான் ஓட்டியது. இரண்டு படையிலும் செத்தவர்களில் பெரும்பாலோர் இந்த நாட்டு ஆட்கள். கூட்டின் படையில் பெரும்பகுதி தமிழும் தெலுங்கும் பேசிய சிப்பாய்கள். எதிர்ப்பக்கம் மைசூர், பாராமகால் ஆட்கள்.

இப்போது அந்தக் கணக்குக்கு வருகிறேன். பரங்கிப்பேட்டையில் கூட் தன் பக்கத்தில் செத்தவர், காயப்பட்டவர் முந்நூற்றுச் சொச்சம் என்று எழுதிக்கொண்டார். ஹைதர் பக்கம் ஆயிரக்கணக்கில் என்று ஆங்கிலேயர் எழுதினார்கள். யாரும் எண்ணவில்லை. புள்ளலூரில் இரண்டு ஆங்கில அதிகாரிகளுக்கு உயரமான நினைவுத்தூண்கள் நிற்கின்றன, பெயரும் எழுதியிருக்கிறது. அவர்களுக்குப் பின்னால் நின்று செத்த சிப்பாய்க்கு இல்லை. பரங்கிப்பேட்டையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வேலை நிமித்தமாகவும் சும்மாவும் எத்தனையோ முறை சுற்றியிருக்கிறேன். அந்த நாளில் செத்த ஒரு சிப்பாய்க்கோ, ஒரு லம்பாடிக்கோ, வைக்கோல் கொடுக்க மறுத்து அடிபட்ட ஒரு குடியானவனுக்கோ ஒரு கல்லும் என் கண்ணில் பட்டதில்லை.

ஏழாம் நூற்றாண்டில் பத்து மாட்டுக்காகச் செத்தவனுக்கு ஊர் கூடிக் கல் நட்டது. அவன் நாய்க்கும் பெயர் எழுதியது. ஏனென்றால் அது அந்த ஊரின் சண்டை. மீட்ட மாடு அந்த ஊரின் கொட்டிலுக்குத் திரும்பியது. செத்தவன் யார் வீட்டுப் பிள்ளை என்று கல் நட்டவர்களுக்குத் தெரியும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான மாடுகள் பீரங்கியை இழுத்துக்கொண்டு அதே வழியில் வந்தன. எந்த மாடும் எந்த ஊருக்கும் திரும்பவில்லை. செத்தவன் எங்கோ பிறந்து, யார் சண்டைக்கோ வந்து, தெரியாத மணலில் விழுந்தான். அவனுக்குக் கல் நட ஊர் ஏது?

இரண்டாம் நாள் செங்கத்தை நெருங்கும்போது நண்பர் இன்னொன்று சொன்னார். "நீங்க வந்த வழியைப் பாருங்க சார், பேட்டைல ஆரம்பிச்சுப் பேட்டைல முடியுது." யோசித்தால் சரிதான். மேலே சிங்காரப்பேட்டை. கீழே கடலோரம் பரங்கிப்பேட்டை. நான் கிளம்பி வந்த ஊர் லால்பேட்டை. பேட்டை என்றால் சந்தை கூடுகிற இடம். வண்டிப்பேட்டை என்று சொன்னால் இன்றைக்கும் புரியும், மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிற இடம். மலையிலிருந்து புளியும் தேனும் சாமையும் இறங்கின. கடலோரத்திலிருந்து உப்பும் கருவாடும் ஏறின. நம் பக்கத்து நெல்லும் ஏதோ ஒரு கட்டத்தில் அந்த வண்டிகளில் ஏறியிருக்கும். படை போனது சில வருடம்தான். பேட்டைக்குப் பேட்டை வண்டி போனது பல நூறு வருடம். ஆனால் வரலாற்றுப் புத்தகம் படை போன வருடங்களைத்தான் எழுதியிருக்கிறது.

போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தை, மாசியில் போங்கள், வெயில் தாங்கும். திருவண்ணாமலையிலிருந்து கிருஷ்ணகிரி போகும் பேருந்தில் சிங்காரப்பேட்டையில் இறங்கி, கிழக்குப் பார்த்து நடக்கத் தொடங்கினால் வழி தானாகப் பிடிபடும். முழுக்க நடக்க முடியாதவர்கள் மலை இரண்டு பக்கமும் நெருங்கி வரும் இடத்தில் இறங்கி ஒரு மணி நேரம் நடந்தாலும் போதும். செங்கத்தில் ரிஷபேசுவரர் கோயில் இருக்கிறது, வேணுகோபாலப் பெருமாள் கோயிலும் இருக்கிறது. ரிஷபம் என்றால் காளை. அந்த ஊருக்கு வேறென்ன பெயரில் சாமி இருக்கும்! நடுகல்லைப் பார்க்க வேண்டுமானால் உள்ளூர்க்காரர்களிடம் வேடியப்பன் கோயில் எங்கே என்று கேளுங்கள், காட்டுவார்கள்.

நம் பக்கத்தில் சில வீடுகளில் கலாப காலம், ஹைதர் கலாபம் என்று பாட்டிமார்கள் சொல்லக் கேட்டவர்கள் இன்னும் இருக்கலாம். எந்த ஊரிலிருந்து ஓடி வந்தோம், எந்தக் கிணற்றில் நகையைப் போட்டோம், எந்த மரத்தடியில் யாரைப் புதைத்தோம் என்று துண்டு துண்டாக ஏதாவது காதில் விழுந்திருக்கும். பெயர் ஞாபகம் இருந்தால் பெயரோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கல் நட இப்போது நம்மால் முடியாது. பேரப்பிள்ளைகள் எடுத்துப் பார்க்க ஒரு காகிதமாவது இருக்கட்டும்.